ஐந்து வயது விஸ்கியும் 'வழியோரம்' என்ற பெயரும்

தோழர்களே, இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று மாதம் யோசித்தேன். காரணம் எளிது. நான் விஸ்கி குடித்தேன், அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பத்து வருடமாகக் குடியால் நொடிந்த குடும்பங்களோடு வேலை செய்கிறவள், மதுக்கடையை மூடச் சொல்லிப் பெண்களோடு சாலையில் உட்கார்ந்தவள், ஈரல் கெட்டு அப்பாவைப் பறிகொடுத்தவள், வெளிநாட்டுக்குப் போனதும் கிளாஸைத் தூக்கிவிட்டாளா என்று கேட்பீர்கள். கேளுங்கள். நானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன வருடம் சமூகப் பணியாளர்களுக்கான ஒரு பரிமாற்றத் திட்டத்தில் மூன்று மாதம் ஸ்காட்லாந்தில் இருந்தேன். கடைசி மாதம் வடக்கே எல்ஜின் என்ற சிறு நகரத்தில் வேலை. என்னைத் தங்கவைத்தவர் ஓய்வுபெற்ற சமூகப் பணியாளர், எண்பதை நெருங்கும் பெரியவர். முப்பது வருடம் கிளாஸ்கோவின் ஏழைக் குடியிருப்புகளில் வேலை பார்த்துவிட்டு, சொந்த ஊர்ப் பக்கம் வந்து சேர்ந்தவர். பிறந்தது எல்ஜினுக்குத் தெற்கே பதினாறு கிலோமீட்டரில் உள்ள ராதஸ் என்ற ஊரில். ஸ்பே ஆற்றங்கரை. அந்தப் பள்ளத்தாக்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு விஸ்கி வடிசாலை தெரியும். அவர் மனைவி இரண்டு வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். இத்தாலியின் பார்கா பகுதியிலிருந்து பிழைக்க வந்து ஐஸ்கிரீம் கடை வைத்த குடும்பத்துப் பெண்.

ஊர் திரும்ப மூன்று நாள் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை மாலை, மாடி அலமாரியிலிருந்து பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு புட்டியை எடுத்துவந்து மேசையில் வைத்தார். நிறமில்லாத கண்ணாடி. உள்ளே வைக்கோல் நிறத்தில் திரவம். லேபிளில் ஒரு பீப்பாயோடு உட்கார்ந்திருக்கும் இரண்டு மலைநாட்டுக்காரர்கள். கிளென் கிராண்ட். 1967. ஐந்து வயது. மூடியின் மேல் இத்தாலி அரசின் வரிச் சீட்டு கிழியாமல் ஒட்டியிருந்தது.

"என் கல்யாணத்துக்கு மிலானிலிருந்து மனைவியின் மாமா இரண்டு புட்டி கொண்டுவந்தார்" என்றார். "எங்கள் ஊரில் காய்ச்சியதை இத்தாலியில் வாங்கி, எங்கள் ஊருக்கே பரிசாகத் தூக்கிவந்த மனிதர். ஒன்றை அன்றைக்கே குடித்தோம். இது ஐம்பது வருடமாகக் கிடக்கிறது. இனி யாருக்காக வைத்திருப்பது?"

பக்கத்து வீட்டுத் தம்பதியையும் அழைத்திருந்தார். கணவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், விஸ்கி ஞானம் உள்ளவர். எனக்கு ஆரஞ்சுச் சாறு தயாராக இருந்தது. நான் குடிக்க மாட்டேன் என்பதும் ஏன் என்பதும் பெரியவருக்குத் தெரியும். வற்புறுத்தவில்லை. நான்காவது கிளாஸை மட்டும் என் பக்கம் காலியாக வைத்தார். "மூக்கால் மட்டும் குடிக்கலாம், பாவமில்லை" என்றார்.

நான் மூக்கால் தொடங்கினேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

எனக்குச் சரக்கு வாசனை என்றால் ஒன்றுதான். அப்பா வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் வாசலுக்கு வரும் வாசனை. சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து எடுத்த எரிசாராயத்தில் நிறமும் மணமும் கலந்து பிராந்தி என்று பெயர் ஒட்டிய சரக்கு அது. நம் நாட்டில் விஸ்கி என்று விற்பதிலும் பெரும்பகுதி இதே அடிப்படையில் ஆனதுதான், ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று விற்கச் சட்டம் அனுமதிக்காது. அந்த வாசனை வந்தால் நானும் தம்பியும் புத்தகத்தை மூடிவிட்டுப் பாயில் தூங்குவதுபோல் படுத்துக்கொள்வோம். இன்றைக்கும் பேருந்தில் பக்கத்து இருக்கையில் அது வந்தால் என் வயிறு இறுகும். அதற்குத் தயாராகத்தான் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனேன்.

வந்தது வேறு. முளைகட்டிய கேழ்வரகைக் காயவைத்து லேசாக வறுக்கும்போது வீடெல்லாம் பரவுமே, அந்த வாசனை. தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா கஞ்சி மாவுக்கு வறுப்பாள். அதேதான். வேறு எதையும் சொல்லி இதை விளக்க என்னால் முடியாது.

பிறகு யோசித்தால் இதில் மாயம் ஒன்றும் இல்லை. சிங்கிள் மால்ட் என்பது ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்துச் செய்வது. பார்லியை ஊறவைத்து, முளைவிட்டதும் காயவைத்து, அரைத்து, வெந்நீரில் கரைத்து, ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்தால் கிடைப்பது நம் ஊர்ப் பாஷையில் ஊறல். அதைச் செம்புக் கலனில் இரண்டு முறை காய்ச்சி வடித்தால் தண்ணீர் போன்ற சாராயம். ஓக் மரப் பீப்பாயில் ஸ்காட்லாந்து மண்ணிலேயே குறைந்தது மூன்று வருடம் கிடந்தால்தான் அதற்கு ஸ்காட்ச் விஸ்கி என்று பெயர். இந்த மூன்று வருடக் கணக்கு முதல் உலகப் போர்க் காலத்தில் வந்தது. 1915-இல் இரண்டு வருடம் என்று சட்டம், அடுத்த வருடமே மூன்று. போருக்கு ஆயுதம் செய்கிற தொழிலாளிகள் இளஞ்சாராயம் குடித்துக் கெடுகிறார்கள் என்று கவலைப்பட்ட லாயிட் ஜார்ஜின் மதுவிலக்கு வேகத்தில் பிறந்த சட்டம். குடியை வெறுத்த ஒருவரின் நெருக்குதல் கடைசியில் விஸ்கியின் தரமுத்திரையாகிவிட்டது.

விஸ்கி உலகத்தில் வயதுதான் மரியாதை. பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்தைந்து என்று எண் ஏற ஏற விலை ஏறும். ஆனால் வயது கூடக் கூட நாம் ருசிப்பது பெரும்பாலும் மரத்தைத்தான் என்றார் ஆசிரியர். வெனிலா, பட்டை, உலர்பழ வாசனை எல்லாம் பீப்பாய் கொடுப்பது. ஐந்து வயதில் மரம் இன்னும் மேலேறி உட்காரவில்லை. தானியமும் செம்பும் நெருப்பும் தெரியும். கிளென் கிராண்டின் வடிகலன்கள் உயரமானவை. ஆவி போகும் குழாயில் குளிர்நீர் சூழ்ந்த ஒரு சுத்திகரிப்புக் கலன் உண்டு, கனமான ஆவி அதில் குளிர்ந்து திரும்பக் கீழே விழுந்துவிடும், லேசானது மட்டும் தாண்டிப் போகும். அதனால்தான் அந்த மெல்லிய உடம்பு. புட்டிக்குள் போனபின் விஸ்கிக்கு வயது ஏறாது. ஐம்பது வருடம் அலமாரியில் கிடந்தும் அதற்கு ஐந்து வயதேதான்.

சரி, குடித்தேனா? குடித்தேன். உதடு நனைகிற அளவு, பிறகு ஒரு சின்ன மடக்கு. சில சொட்டுத் தண்ணீர் விட்டு இன்னொரு மடக்கு. அவ்வளவுதான். நாக்கில் முதலில் ஒரு சுரீர். பிறகு வழவழப்பாக ஓர் இனிப்பு. முடியும்போது லேசான உலோகச் சுவை.

மேசையில் மற்றவர்கள் பேசத் தொடங்கினார்கள். பச்சை ஆப்பிள் என்றார் ஆசிரியர். பேரிக்காய் மிட்டாய் என்றார் அவர் மனைவி. புதிதாக அறுத்த வைக்கோல், தேன்மெழுகு, ஈரமான கல். ஒவ்வொரு சொல்லுக்கும் மற்றவர்கள் தலையசைத்தார்கள். பிறகு மூவரும் என்னைப் பார்த்தார்கள். "உங்களுக்கு என்ன கிடைக்கிறது?"

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. முதுகலையில் முதல் கருத்தரங்கு வகுப்பில் இதே பார்வையைப் பார்த்திருக்கிறேன். பிரெஞ்சு சமூகவியலாளர் பூர்தியு 1979-இல் எழுதிய 'டிஸ்டிங்ஷன்' நூலில் காட்டியது இதைத்தானே? ரசனை என்பது பிறவி வரம் அல்ல, வளர்ந்த வீடும் படித்த பள்ளியும் நாக்கில் எழுதிவைப்பது, அதை வைத்தே மனிதர்கள் ஒருவரையொருவர் அளந்து தள்ளிவைக்கிறார்கள். இதைத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். மேசையில் உட்கார்ந்தபோது அந்த மதிப்பெண் உதவவில்லை. பேரிக்காய் மிட்டாயை நான் வாழ்க்கையில் தின்றதில்லை. ஆமாம், ஆப்பிள்தான் என்று சொல்லித் தப்பிக்க வாய் திறந்தேன்.

"கேழ்வரகு" என்று வந்துவிட்டது. ஆங்கிலத்தில் அதை என்னவென்று சொல்வது? ஒரு சிறுதானியம், முளைகட்டி வறுப்போம், குழந்தைக்குக் கொடுப்போம் என்று விளக்கினேன். வந்ததை நிறுத்த முடியவில்லை. இனிப்பு இருக்கிறதே, அது நுங்கு என்றேன். பனங்காய் முற்றுவதற்கு முன்னால் உள்ளே இருக்கும் குளிர்ந்த சதை, அதன் நீர். கடைசியில் வருகிற உலோகம், புளி போட்டுத் துலக்கிய பித்தளைச் சொம்பில் தண்ணீர் குடித்தால் உதட்டில் நிற்கும் சுவை.

ஆசிரியர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கிளாஸை மறுபடி மூக்கில் வைத்து வெகுநேரம் முகர்ந்தார். "வறுத்த தானியம். ஆமாம், அது இருக்கிறது. நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன்" என்றார்.

எனக்கு அந்த நேரத்தில் ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. அந்தச் சந்தோஷத்தின் மேல் அன்றிரவே சந்தேகமும் வந்தது. ஏதோ ஒரு மேசையில் நம் சொல்லை ஒருவர் ஒப்புக்கொண்டால் போதுமா? அதே திரவத்தைக் கையில் வைத்திருப்பவனைப் பொறுத்து எங்கள் தெருவில் அது குடி, இங்கே ரசனை. அப்பா பாவம், ஒருநாளும் முகர்ந்து பார்த்துக் குடித்ததில்லை. கடை வாசலில் நின்றபடியே பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி, தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கலந்து, ஒரே மூச்சில் இறக்கிவிட்டு நடந்துவிடுவார். பகலெல்லாம் சாக்கடை அடைப்பு எடுத்த மனிதருக்கு மூக்கு வேலை செய்யாமல் இருப்பதுதான் தேவையாக இருந்தது.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. கிளாஸ்கோவில் அவர் பார்த்த வீடுகளில் யாரும் சிங்கிள் மால்ட் குடிக்கவில்லை. மலிவு வோட்கா, பெரிய பிளாஸ்டிக் புட்டியில் வரும் சைடர். மதுவுக்குக் குறைந்தபட்ச விலை வைக்கும் சட்டத்தை ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2012-இல் நிறைவேற்றியது. விஸ்கி உற்பத்தியாளர் சங்கம் வழக்குப் போட்டது. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொன்னபிறகுதான், 2018 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. "ஆறு வருடம்" என்றார் பெரியவர். "அந்த ஆறு வருடத்தில் நான் எத்தனை இறுதிச் சடங்குக்குப் போனேன் தெரியுமா?" அப்படிச் சொன்ன கையில்தான் கிளாஸும் இருந்தது. அவர் அதை ஒளிக்கவில்லை. நானும் என்னுடையதை ஒளிக்கவில்லை.

புட்டியின் கதைக்கு வருகிறேன். 1960-களின் தொடக்கத்தில் மால்ட் விஸ்கியில் மிகப் பெரும்பகுதி மற்ற விஸ்கிகளோடு கலக்கத்தான் போனது. தனி மால்ட்டாக வெளிநாட்டில் வாங்குவோர் மிகக் குறைவு. 1961-இல் மிலானைச் சேர்ந்த அர்மாண்டோ ஜியோவினெட்டி என்ற வணிகர் ஸ்காட்லாந்து வந்து, கிளென் கிராண்ட் ஐந்து வயதில் ஐம்பது பெட்டி வாங்கிப் போனார். கிராப்பா குடித்துப் பழகிய நாட்டுக்கு அந்த வெளிறிய நிறமும் இளமையும் பிடித்துப்போயிற்று. பத்து வருடத்தில் இத்தாலியில் விஸ்கி என்றால் கிளென் கிராண்ட் என்ற நிலை. ஆக, எங்கள் மேசையில் இருந்தது அன்றைக்கு மிலான் பார்களில் சாதாரணமாகக் கிடைத்த சரக்கு. பணக்காரர்கள் பூட்டிவைத்த அரும்பொருள் அல்ல. எல்லாரும் வாங்கி எல்லாரும் குடித்துத் தீர்த்ததால் இப்போது அரிதாகிவிட்டது. விலை உயர்ந்ததைத்தான் யாராவது பத்திரப்படுத்துவார்கள். என் தாத்தா பாட்டிக்கு ஒரு புகைப்படம்கூட இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

1967-இல் காய்ச்சி, ஐந்து வருடம் கிடந்து, 1972-இல் புட்டியில் அடைத்தது. நான் சும்மா கேட்டேன். அப்போது அந்த வடிசாலையில் யார் யார் இருந்தார்கள், உங்களுக்குத் தெரிந்தவர்கள் உண்டா?

பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பயாவா இருந்தார். 1972-இல்தான் இறந்தார்" என்றார்.

கிளென் கிராண்ட் 1840-இல் ஜேம்ஸ், ஜான் என்ற கிராண்ட் சகோதரர்கள் தொடங்கியது. 1872-இல் பொறுப்புக்கு வந்த அடுத்த தலைமுறை ஜேம்ஸ் கிராண்டை ஊர் 'மேஜர்' என்றே சொல்லும். சுத்திகரிப்புக் கலனைக் கொண்டுவந்தவர் அவர்தான். இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் வேட்டைக்குப் போனவர். 1898-இல் இன்றைய ஜிம்பாப்வேயின் மாடபெலெலாந்துப் பகுதியில் வேட்டையாடப் போனபோது, வழியோரத்தில் அநாதையாகக் கிடந்த ஒரு சிறுவனைக் கண்டு ராதஸுக்கு அழைத்துவந்தார் என்பது அங்கே எல்லாரும் சொல்லும் கதை. சிறுவன் ஊர்ப் பள்ளியில் படித்தான். மேஜர் வீட்டில் ஏவலாளாகி, பிறகு பட்லராகி, 1931-இல் மேஜர் இறந்தபின்னும் அதே வீட்டில் இருந்தார். ஊர்க் கால்பந்து அணியின் தீவிர ரசிகர். பெரியவரும் சிறுவயதில் மைதானத்தில் அவரைப் பார்த்திருக்கிறார். பெயர் பயாவா மகலாகா.

அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்றேன்.

"பை த வே" என்றார். "வழியோரத்தில் கிடைத்ததால் அப்படி வைத்தார்கள். அது மருவி பயாவா ஆகிவிட்டது. மகலாகா என்பது அவருடைய இனத்தின் பெயர்."

என் கையில் கிளாஸ் இருந்தது. கீழே வைத்துவிட்டேன்.

வழியோரம், அதோடு இனப் பெயர். எங்கே கிடைத்தான், எந்தச் சாதி. ஒரு மனிதனுக்குப் பெயர் என்று அவர்களுக்குத் தோன்றியது இவ்வளவுதான்.

தோழர்களே, என் தாத்தாவுக்கு அவருடைய அம்மா வைத்த பெயர் ராஜமாணிக்கம். பண்ணையில் மாடு மேய்க்கப் போன முதல் நாள், "உனக்கென்னடா ராஜா" என்று கேட்டுவிட்டு ஆண்டை வைத்த பெயர் மண்ணாங்கட்டி. பிறந்த பிள்ளை தங்கவில்லை என்றால், அடுத்ததாவது தங்கட்டும் என்று பெற்றவளே குப்பை, பிச்சை என்று பெயர் வைப்பது நம்மிடம் உண்டு. அதில் ஒரு தாயின் பயமும் ஆசையும் இருக்கிறது. இது அது இல்லை. வாக்காளர் அட்டையில் மண்ணாங்கட்டி என்றே இருந்தது, செத்த பிறகு சான்றிதழிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். ராஜமாணிக்கம் என்ற பெயர் எங்கள் பாட்டியின் வாயில் மட்டும் இருந்தது. அவளும் புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று சொல்லாமலே செத்துப்போனாள். அம்மாதான் எனக்குச் சொன்னாள்.

பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஊர் அவரை நேசித்தது. அது பொய்யில்லை" என்றார். பொய் என்று நான் நினைக்கவில்லை. மேஜர் எடுத்து வளர்க்காவிட்டால் அந்தப் பிள்ளை செத்திருக்கலாம். நேசமும் இருந்தது, பெயரும் இருந்தது. எங்கள் ஆண்டையும் தீபாவளிக்கு வேட்டி கொடுத்தவர்தான்.

ஒன்றை மட்டும் கேட்டேன். பெற்றோர் எங்கே போனார்கள் என்று அந்தக் கதையில் வருமா? அவர் இல்லை என்று தலையசைத்தார். அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். 1896-இல் அந்தப் பகுதியில் வெக்கை நோய் வந்து மாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. அதே வருடம் செசில் ரோட்ஸின் கம்பெனி ஆட்சிக்கு எதிராக மக்கள் எழுந்தார்கள், கம்பெனி அதைப் போரிட்டு அடக்கியது, அதைத் தொடர்ந்து பஞ்சம். அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் வேட்டைக்காரர் அந்தப் பக்கம் போகிறார், வழியோரத்தில் ஒரு பிள்ளை தனியாகக் கிடக்கிறது. அந்தப் பிள்ளையின் பெற்றோர் இதில்தான் போனார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'கிடைத்தான்' என்ற சொல் எல்லாக் கேள்வியையும் மூடிவிடுகிறது. நீங்கள் களத்துக்குப் போனாலும் இந்தச் சொல்லைக் கவனியுங்கள். செங்கல் சூளையில் 'கிடைத்த' பையன், வீட்டு வேலைக்குக் 'கிடைத்த' பெண் என்று யாராவது சொன்னால், அங்கேயே நின்று கேளுங்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பெரியவர் என்னை ராதஸில் காரில் இறக்கிவிட்டு உறவினர் வீட்டுக்குப் போனார். வடிசாலைக்குப் பின்னால் ஓடையை ஒட்டி மேஜர் போட்ட தோட்டம் இன்னும் இருக்கிறது. ஏறிப் போனால் பாறைப் பக்கம் ஒரு சிறு குடிலும், பாறையில் பதித்த இரும்புப் பெட்டியும். மேஜர் விருந்தாளிகளை அங்கே அழைத்துப் போய், பெட்டியிலிருந்து விஸ்கியை எடுத்து, ஓடைத் தண்ணீர் கலந்து கொடுப்பாராம். அழகான இடம், உண்மையாகவே அழகு. அந்தக் கிளாஸ்களை யார் தூக்கிவந்தது, யார் கழுவியது என்று எனக்கு ஓடிக்கொண்டே இருந்தது. மேஜரின் வீடு இப்போது இல்லை, 1990-களில் இடித்துவிட்டார்கள். பயாவா இருந்த அறை எந்தத் திசையில் இருந்திருக்கும் என்று ஊகிக்க முயன்று விட்டுவிட்டேன்.

வடிசாலைப் பக்கம் காற்று திரும்பியபோது ஊறல் வாசனை வந்தது. முந்தின நாள் கிளாஸில் இருந்த அதே தானியம். எழுபது வருடத்துக்கு மேல் அந்த மனிதர் காலையில் எழுந்ததும் இதைத்தானே முகர்ந்திருப்பார்? 1967-இல் இந்தப் பார்லி புளித்தபோதும் அவர் மூக்கில் இது ஏறியிருக்கும். அவருக்கு அது என்ன வாசனையாகத் தெரிந்திருக்கும்? பேரிக்காயா? அவர் அம்மா ஏதாவது தானியத்தை வறுத்திருப்பாளா? கேழ்வரகு அந்தப் பக்கத்திலும் விளைகிறது. அது நமக்கு வந்ததே ஆப்பிரிக்காவிலிருந்துதான்.

எல்ஜின் பேருந்துக்காக நிழற்குடையில் நின்றபோது அம்மாவைக் கூப்பிட்டேன். ஊரில் இரவு. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று, "அம்மா, நேத்து கொஞ்சம் விஸ்கி குடிச்சேன்" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "எவ்ளோ?" என்றாள்.

"ரெண்டு மடக்கு."

"எப்பிடி இருந்துச்சு?"

"நீ தம்பிக்குக் கேவுரு வறுப்பியே, அந்த வாசனை."

மறுபடி சத்தமில்லை. "அப்பிடியா இருக்கும் நல்ல சரக்கு? உங்கப்பன் குடிச்சதெல்லாம் ஸ்பிரிட்டுதானேடி. அதையாவது நல்லதா ஒரு வாய் குடிச்சிருக்கலாம் அந்த மனுசன்." திட்டுவாள் என்று நினைத்திருந்தேன். திட்டவில்லை. இனிமேல் குடிக்காதே என்று மட்டும் சொன்னாள். சரி என்றேன்.

பிறகு அந்தப் பிள்ளையின் கதையைச் சொன்னேன். வேட்டைக்குப் போனவர், வழியோரம், கப்பல், பெரிய வீடு, எல்லாம். அம்மா இடையில் பேசாமல் கேட்டாள்.

"வழியோரம்னா கூப்டாங்க?"

"ஆமாம்மா. அதையே பேராக்கிட்டாங்க."

"அவங்க அம்மா ஒரு பேரு வச்சிருப்பா இல்ல?"

"வச்சிருப்பாம்மா."

"அது என்னான்னு யாருமே கேக்கலியா அந்தப் புள்ளைய? வர்றப்போ பேசத் தெரிஞ்ச வயசுதானே?"

பேருந்து வந்துவிட்டது. கையைக் காட்டி நிறுத்தி, போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு ஏறினேன்.